இரண்டு பொம்மையார்பாளையங்கள்

(பொம்மையார்பாளையத்தில் மாணவர்களும் ஊராரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்கள் ஊர்ப் பெயரை ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். பொ, ம், மை, யா, ர், பா, ளை, ய, ம். ஒன்பது எழுத்து. கணினிக்கு இது ஒன்பது இல்லை. யூனிகோட் முறையில் உயிர்மெய்யின் மெய்க்கு ஒரு எண், அதன் மேல் ஏறும் குறிக்கு ஒரு எண், புள்ளிக்கு ஒரு எண் என்று 17 எண்களாக அது இந்தப் பெயரை வைத்துக்கொள்கிறது. கோப்பில் சேமிக்கும்போது ஒவ்வொரு எண்ணும் மூன்று பைட் பிடிக்கும். ஆக 51 பைட். இந்த 51 என்ற எண்ணை நினைவில் வையுங்கள். என்னைப் பல இரவுகள் தூங்கவிடாமல் செய்தது இதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன்னால் இந்தக் கரையோர ஊர்களின் மீன் ஏலக் கணக்கைத் தொகுக்க ஒரு சிறு நிரல் எழுதினேன். கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், நடுக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று ஊர்வாரியாகக் கூட்டிக் கொடுக்கும். கூட்டியும் கொடுத்தது. தாளை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்து, கணக்கெழுதும் பெரியவரிடம் நீட்டினேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தம்பி, எங்க ஊரு ஒண்ணுதானேப்பா? நீ என்ன ரெண்டா எழுதியிருக்கே?” என்றார்.

பார்த்தால் உண்மைதான். பட்டியலில் பொம்மையார்பாளையம் இரண்டு இடத்தில் இருந்தது, இரண்டு வெவ்வேறு தொகையோடு. கோட்டக்குப்பமும் இரண்டு. மற்ற மூன்று ஊர்களும் ஒழுங்காக ஒவ்வொரு முறைதான் இருந்தன.

நிரல் எழுதுகிறவர்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் கை முதலில் போகிற இடம் ஒன்று உண்டு: பிரிண்ட். உள்ளே என்ன இருக்கிறது என்று அச்சிட்டுப் பார்ப்பது. எவ்வளவு பெரிய கருவிகள் வந்தாலும் பிழை தேடுவதற்கு அதுவே முதல் வழி, வெட்கப்பட வேண்டியதில்லை. நானும் இரண்டு பெயரையும் அச்சிட்டேன். திரையில் பொம்மையார்பாளையம், அதன் கீழே பொம்மையார்பாளையம். ஒரு புள்ளி வேறுபாடு இல்லை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. நிரலுக்கு மட்டும் இரண்டும் வேறு.

நான் எழுதிய மொழியின் பெயர் ஓகேமல். பிரான்ஸின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் வளர்ந்த மொழி. ஃபங்ஷனல் மொழி என்று கல்லூரியில் சொல்வார்கள். உள்ளே ஒன்று கொடுத்தால் வெளியே ஒன்று தரும் சார்புகளை நாம் கணக்குப் பாடத்தில் படித்திருக்கிறோம். அந்தச் சார்புகளையே செங்கல்லாக வைத்து வீடு முழுவதையும் கட்டுவது இந்த வகை மொழி. ஓகேமலுக்கான எக்ஸ்ட்லிப் என்ற நூலகத்தில் டம்ப் என்றொரு சார்பு உண்டு. அதற்கு எதைக் கொடுத்தாலும் அச்சிட்டுக் காட்டும்: எண், சொல், பட்டியல், எதுவானாலும் சரி, வகை என்னவென்று கேட்காது. அதைப் பிடித்து இரண்டு பெயரையும் அதனிடம் கொடுத்தேன்.

தமிழ் வரவில்லை. \224\174\170 என்று தொடங்கி எண்களாகவே வந்தது. டம்புக்குத் தமிழ் தெரியாது. ஒவ்வொரு பைட்டையும் ஒரு சாய்கோடும் மூன்று இலக்கமுமாக எழுதிவிடும். எரிச்சலோடுதான் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று கண்ணில் பட்டது. ஒரு வரியைவிட இன்னொரு வரி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. எண்ணினேன். ஒன்றில் 204 குறிகள், இன்னொன்றில் 216. அதாவது ஒன்று 51 பைட், மற்றது 54.

பிழை முதல் எழுத்திலேயே இருந்தது. ‘பொ’ என்ற எழுத்தில் ஏறியிருக்கும் ஒகரக் குறிக்கு யூனிகோடில் 3018 என்று தனி எண் உண்டு. ஆனால் ஒற்றைக் கொம்பு 3014, கால் 3006 என்று இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே ‘பொ’தான் தெரியும். கணக்கில் ஒரு பகுதி கைப்பேசியில் தட்டியது. மறு பகுதி பழைய எழுத்துருவில் இருந்த கோப்பிலிருந்து மாற்றியது. அந்தப் பழைய எழுத்துருக்களில் கொம்பு முன்னால், எழுத்து நடுவில், கால் பின்னால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே தட்டுவோம். மாற்றும் நிரல் கொம்பைப் பின்னால் கொண்டுவந்ததே தவிர, காலோடு சேர்த்து ஒன்றாக்கவில்லை. ‘கோ’வுக்கும் அதே கதி, அதனால்தான் கோட்டக்குப்பமும் இரண்டானது. தந்திராயன்குப்பத்திலும் நடுக்குப்பத்திலும் சின்னமுதலியார்சாவடியிலும் கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்தே கிடையாது. அவை தப்பின.

இந்த இடத்தில் இந்த ஊர்க்காரர் ஒருவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிறப்பால் இந்த ஊர்க்காரர் இல்லை, மடத்தால் இந்த ஊர்க்காரர். 17ஆம் நூற்றாண்டில் இங்குள்ள பொம்மபுர ஆதீனத்தின் சிவஞான பாலய தேசிகரோடு நெருங்கி வாழ்ந்த சிவப்பிரகாச சுவாமிகள், திருச்செந்தூர் முருகன்மேல் நீரோட்டக யமக அந்தாதி பாடியவர். நீரோட்டகம் என்றால் உதடு ஒட்டாமலும் குவியாமலும் சொல்லக்கூடிய பாட்டு. ஏட்டில் எழுதிவைத்துக் கண்ணால் பார்த்தால் அதில் தனியாக எதுவும் தெரியாது, மற்ற பாட்டைப் போலத்தான் இருக்கும். வாய்விட்டுப் படித்தால்தான் உதட்டுக்கு வேலையே இல்லை என்று பிடிபடும். உள்ளே இருக்கும் ஒரு குணம் ஒரு வடிவத்தில் மறைந்திருக்கும், வேறு வடிவத்தில் வெளிப்பட்டுவிடும். என் இரண்டு பொம்மையார்பாளையங்களும் எழுத்தாய்ப் பார்த்தபோது மறைத்ததை எண்ணாய்ப் பார்த்தபோது காட்டிக்கொடுத்தன.

அன்று டம்ப் என்னைக் காப்பாற்றியது. அடுத்த வாரம் அதே டம்ப் என்னை ஏமாற்றியது. இரண்டையும் சொன்னால்தான் நியாயம்.

படகு எண்ணையும் அன்றைய வரவையும் ஒரு இணையாக வைத்திருந்தேன். ஐந்தாம் படகுக்கு நாற்பது கூடை என்றால் (5, 40). டம்ப் அதைச் சரியாகவே காட்டியது. கடலுக்குப் போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பிய நாளுக்கு (5, 0) என்று வர வேண்டும். டம்ப் காட்டியது [5]. சதுர அடைப்பு என்றால் பட்டியல். ‘ஐந்து’ என்ற ஒரே ஒரு எண் உள்ள பட்டியல். வரவு எங்கே தொலைந்தது, யார் அதைப் பட்டியலாக மாற்றினார்கள் என்று நிரல் முழுக்கத் தேடினேன். நிரலில் தவறே இல்லை. காட்டியவன் காட்டியதுதான் தவறு.

ஏன் இப்படி என்பதில்தான் இந்தப் பொருளின் உயிர் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

ஓகேமல், ஹாஸ்கெல் போன்ற மொழிகளில் ஒவ்வொரு மதிப்புக்கும் ஒரு வகை உண்டு: இது எண், இது சொல், இது எண்களின் பட்டியல் என்று. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் இந்த வகைகளை வரிக்கு வரி சரிபார்க்கிறது. சொல்லையும் எண்ணையும் கூட்டப் பார்த்தால் அங்கேயே நிறுத்திவிடும். சரிபார்த்து முடிந்ததும் ஓகேமல் அந்த வகைகளை அழித்துவிடுகிறது. எல்லாம் பொருந்துகிறது என்று முன்கூட்டியே தெரிந்த பிறகு, ஓடும் நேரத்தில் அந்தச் சுமையை எதற்குத் தூக்க வேண்டும்? வேகமும் நினைவகமும் மிச்சம். ஐஸ் பெட்டியில் மீனை அடுக்கி மூடிய பிறகு, பெட்டி மேல் ஒட்டியிருந்த சீட்டைக் கிழித்துப் போட்டது போல. எந்த லாரியில் எந்தப் பெட்டி ஏறும், எங்கே இறங்கும் என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட்டது. சீட்டு இல்லாமலே எல்லாம் சரியான இடத்துக்குப் போய்ச் சேரும். வழியில் ஒருவர் நிறுத்தி “இதில் என்ன மீன்?” என்று கேட்டால்தான் சிக்கல்.

ஓகேமலில் ஓடும் நேரத்தில் மிஞ்சுவது கொஞ்சம்தான். 64 பிட் சொல்லின் கடைசி பிட் ஒன்றாக இருந்தால் அது நேரடி எண்; அதனால்தான் அந்த மொழியில் முழு எண்ணுக்கு 63 பிட் மட்டும். கடைசி பிட் சுழியாக இருந்தால் அது வேறொரு நினைவகக் கட்டத்தைச் சுட்டும் முகவரி. அந்தக் கட்டத்தின் தலையில் அதன் நீளமும் ஒரு சிறு அடையாள எண்ணும் இருக்கும்: எழுத்துச் சரத்துக்கு 252, புள்ளி எண்ணுக்கு 253, சார்புக்கு 247. இந்த அடையாளங்கள் நமக்காக வைத்தவை இல்லை. பயன்படாத நினைவகத்தைத் திரும்ப எடுக்கும் குப்பைச் சேகரிப்பானுக்காக வைத்தவை. அதற்குத் தெரிய வேண்டியதெல்லாம் இது முகவரியா, பின்தொடர வேண்டுமா என்பதுதான். சங்கராவா வஞ்சிரமா என்பது அதற்குத் தேவையில்லை.

ஆகவே 0 என்ற எண், பொய் என்ற உண்மைமதிப்பு, காலிப் பட்டியல், ‘ஒன்றுமில்லை’ என்னும் மதிப்பு, இவை நான்கும் நினைவகத்தில் ஒரே பிட்டுகள். அச்சில் வார்த்த மாதிரி ஒன்று. ஒரு பட்டியல் என்பது ‘தலை, மீதி’ என்ற இரண்டு அறை உள்ள கட்டம். [5] என்றால் தலையில் 5, மீதியில் காலிப் பட்டியல். (5, 0) என்ற இணையும் இரண்டு அறை. முதலில் 5, அடுத்து 0. இரண்டும் நினைவகத்தில் ஒன்றேதான். டம்ப் இதைப் பார்த்து ஊகிக்கிறது. இரண்டு அறை, கடைசியில் சுழி, பட்டியலாகத்தான் இருக்கும் என்று. எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள், பெரும்பாலும் ஊகம் பலிக்கும். பலிக்காத நாளில், மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பிய ஒருவரின் சுழியை அது விழுங்கிவிடும்.

இந்தக் குப்பைச் சேகரிப்பானைப் பற்றி நம் ஊர்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பல கருக்கள் உள்ள இன்றைய கணினிகளில் ஓகேமல் நிரல் ஒரே நேரத்தில் எல்லாக் கருக்களிலும் ஓடும்படி, இந்தச் சேகரிப்பான் உட்பட அதன் அடித்தளம் மாற்றி எழுதப்பட்டது. அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் சென்னையிலுள்ள ஐஐடி மெட்ராஸின் பேராசிரியர் கே.சி. சிவராமகிருஷ்ணன். 2022 டிசம்பரில் ஓகேமல் 5.0 வெளிவந்தது. பிரான்ஸில் பிறந்த மொழியின் இதயத்துக்கு அறுவை சிகிச்சை செய்த கைகளில் சில, இங்கிருந்து மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கின்றன.

சரி, ஊகம் வேண்டாம் என்றால் வேறு வழி என்ன? சீட்டைக் கிழிக்காமலே வைத்திருக்கலாம். 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் அப்படித்தான். ஒவ்வொரு மதிப்பும் தன் வகையைத் தன்னோடு சுமந்து திரியும், அதனால் எதையும் எப்போதும் அச்சிடலாம். பைத்தானும் அந்த வழிதான். முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் என்ற தமிழ் நிரல் மொழி பைத்தானில் எழுதப்பட்டது. அதில் ‘பதிப்பி’ என்று எழுதிப் பக்கத்தில் எதை வைத்தாலும் திரையில் வந்துவிடும். நல்ல வழி. ஆனால் சுமை நிரந்தரம்.

எனக்கு மனதுக்கு மிக நெருங்கிய வழி ஹாஸ்கெல் காட்டியது. 1989இல் ஃபிலிப் வாட்லரும் ஸ்டீபன் ப்ளாட்டும் டைப் கிளாஸ் என்ற கருத்தை எழுதினார்கள். அதிலிருந்து வந்ததுதான் ஹாஸ்கெலின் ‘ஷோ’. ஒரு புதிய வகையை அறிவிக்கும்போதே, அதன் கடைசியில் ‘டெரைவிங் ஷோ’ என்று இரண்டு சொல் எழுதிவிட்டால் போதும். அந்த வகையின் மதிப்பை மனிதனுக்கு எப்படிக் காட்டுவது என்ற சார்பைக் கம்பைலரே எழுதித் தந்துவிடும். கம்பைலருக்கு வகைகள் எல்லாம் தெரிந்திருக்கும் நேரம் அது ஒன்றுதான். சீட்டைக் கிழிப்பதற்கு முன்னால், சீட்டில் இருப்பதைப் படித்துச் சொல்லும் ஆளையும் பெட்டியோடு சேர்த்து அனுப்பிவிடுகிறது. ஊகம் இல்லை, நிரந்தரச் சுமையும் இல்லை. ஓகேமலிலும் பின்னால் இதே போன்ற வசதி தனி நூலகமாக வந்தது. என் ஏலக் கணக்கில் டம்பை எடுத்துவிட்டு அதைத்தான் வைத்தேன். (5, 0) என்றே காட்டியது.

ஹாஸ்கெலின் ஷோ எதையும் காட்டும் என்று சொல்லக் கூடாது. சார்பை அது காட்டாது. ஒரு சார்பு உள்ளே என்ன செய்கிறது என்பதை எழுத்தில் காட்ட உண்மையான வழி இல்லை என்பதால் ஹாஸ்கெல் மறுத்துவிடுகிறது. அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். தெரியாததை ஊகித்துச் சொல்வதைவிடத் தெரியாது என்று சொல்வது எவ்வளவோ மேல். [5] எனக்குக் கற்றுக்கொடுத்தது இது.

ஹாஸ்கெலில் இன்னொரு நுட்பமும் உண்டு. அது சோம்பல் மொழி. தேவைப்படும்வரை எதையும் கணக்கிடாது. முடிவில்லாத பட்டியலைக்கூட வைத்துக்கொண்டு வேலை செய்யலாம், நாம் கேட்ட நான்கைந்து உறுப்பை மட்டும் அது கணக்கிடும். இப்போது பிழை தேடுகிறேன் என்று அந்தப் பட்டியலை அச்சிட்டால் என்ன ஆகும்? அச்சு முடியவே முடியாது. பார்க்கப் போனதே நிரலின் போக்கை மாற்றிவிடும். 2000இல் ஆண்டி கில் வெளியிட்ட ஹூட் என்ற கருவி இதற்கு அழகான வழி கண்டது. நிரல் எந்த உறுப்பைத் தானாகக் கேட்டதோ அதை மட்டும் குறித்துக்கொள்ளும்; கேட்காத இடத்தைக் கோடிட்டு விட்டுவிடும். வலையைத் தூக்காமல், வலையில் மீன் முட்டிய இடத்தை மட்டும் மிதவை ஆடுவதை வைத்துச் சொல்வது போல.

இதெல்லாம் எங்கோ வெளிநாட்டு ஆய்வகத்துச் செய்தி என்று நினைத்துவிடாதீர்கள். சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகத்தில் மாதவன் முகுந்தும் எஸ்.பி. சுரேஷும் ஹாஸ்கெல் சொல்லித்தருகிறார்கள். அவர்களுடைய பாடம் என்பிடெல் வழியாக இணையத்தில் யாருக்கும் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய செய்தி ஷக்தி.

ஐஐடி மெட்ராஸில் பேராசிரியர் வி. காமகோடி தலைமையில் வளர்ந்த ஷக்தி செயலிகள் நம் மண்ணில் வடிவமைத்தவை. வடிவமைப்பு முழுவதும் திறந்த மூலம், எவரும் எடுத்துப் படிக்கலாம். 2018இல் இன்டெலின் ஆலையில் 22 நானோமீட்டர் அளவில் ஒரு சில்லு, சண்டிகரை ஒட்டிய அரசு ஆலையில் 180 நானோமீட்டரில் இன்னொன்று. 2020இல் மௌஷிக். 2025இல் இஸ்ரோவோடு சேர்ந்து விண்வெளிப் பயன்பாட்டுக்கான ஐரிஸ். இந்தச் செயலிகள் எழுதப்பட்ட மொழியின் பெயர் ப்ளூஸ்பெக். எம்ஐடியில் பணியாற்றிய பேராசிரியர் அர்விந்தின் ஆய்விலிருந்து கிளைத்தது; ஹாஸ்கெலில் ஊறிய லெனார்ட் ஆகஸ்ட்சன் வடிவமைத்தது; அதன் கம்பைலரும் ஹாஸ்கெலில் எழுதியது. பெயர்தான் வேறு, ரத்தம் ஒன்று.

ஷக்தியின் நிரலைத் திறந்தால் வகை அறிவிப்புகளின் முடிவில் ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்: டெரைவிங் பிட்ஸ், ஈக்யூ, எஃப்ஷோ. இந்த வரியைத்தான் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று இவ்வளவு தூரம் வந்தேன். ‘பிட்ஸ்’ என்றால் இந்த மதிப்பைக் கம்பிகளில் எப்படிப் பிட்டுகளாக அடுக்குவது. ‘எஃப்ஷோ’ என்றால் அதே மதிப்பை மனிதனுக்கு எப்படிக் காட்டுவது. நடுவில் உள்ளது, இரண்டு மதிப்பு சமமா என்று பார்ப்பது. இயந்திரத்துக்கு ஒரு முகம், மனிதனுக்கு ஒரு முகம், இரண்டையும் வகை பிறக்கும் இடத்திலேயே, ஒரே வரியில், அதை நன்றாக அறிந்தவரே எழுதிவைக்கிறார். என் ஏலக் கணக்கில் நான் பட்ட பாடு முழுவதும் இந்த மூன்று சொல்லில் அடங்கியிருக்கிறது.

எஃப்ஷோ இல்லாவிட்டால் என்ன கஷ்டம் என்பதற்கு ஒரு எடுத்துக்காட்டு. ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற வகையில் 32 பிட் எண் ஒன்றை வைக்கிறோம். அதற்கு 33 கம்பி வேண்டும். முதல் கம்பி ‘இருக்கிறதா’ என்று சொல்லும், மீதி 32 எண்ணைச் சொல்லும். ‘இல்லை’ என்னும்போது அந்த 32 கம்பியிலும் ஏதாவது குப்பை கிடக்கும். அதற்குப் பொருள் கிடையாது. வெறும் பிட்டுகளைப் பார்க்கிறவர் அந்தக் குப்பையை மெய்யான எண் என்று நம்பி நாள் முழுக்கத் துரத்துவார். எஃப்ஷோ ‘இல்லை’ என்று மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடும்.

சில்லு விஷயத்தில் இது உயிர் போகிற காரியம். கணக்கு நிரலில் பிழை என்றால் மாலையே திருத்திவிடலாம். சிலிக்கானில் வார்த்த பிறகு பிழையைத் திருத்த முடியாது. உள்ளே பிரிண்ட் போட்டுப் பார்க்கவும் முடியாது. பார்க்க வேண்டியதையெல்லாம் ஆலைக்கு அனுப்புவதற்கு முன்னால், கணினிக்குள் ஒத்திகை ஓட்டும் காலத்திலேயே பார்த்துவிட வேண்டும். ஒத்திகையில் ஒவ்வொரு கட்டளையும் செயலியின் எந்தக் கட்டத்தில் நிற்கிறது, என்ன சுமந்து வருகிறது என்று எஃப்ஷோ வரி வரியாகச் சொல்லிக்கொண்டே வரும். சுற்றாக மாறும்போது அந்த அச்சு வரிகள் எதுவும் சில்லுக்குள் போகாது. ஒரு டிரான்சிஸ்டர்கூட அதற்காகச் செலவாகாது.

எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அதையும் இந்த அவையில் சொல்லிவிடுகிறேன். ஹாஸ்கெலின் ஷோவுக்கு ‘அம்மா’ என்ற சொல்லைக் கொடுத்துப் பாருங்கள். \2949\2990\3021\2990\3006 என்று காட்டும். ஆங்கிலச் சொல்லைச் சொல்லாகவே காட்டுகிறது, தமிழை எண்ணாக்கிவிடுகிறது. உங்கள் ஊர்ப் பெயர் 85 குறிகள் கொண்ட எண் வரிசையாகும். பைத்தானும் முன்பு இப்படித்தான் செய்தது. மூன்றாம் பதிப்பில், 2008இல், படிக்கக்கூடிய எழுத்து எந்த மொழியானாலும் அப்படியே காட்டுவது என்று மாற்றினார்கள். தமிழில் தரவு வைத்துப் பிழை தேடுகிற பிள்ளைக்கு, தன் மொழி திரையில் எண்ணாக உடைந்து கிடப்பதைப் பார்க்கும்போது, இந்தக் கருவி எனக்காகச் செய்தது இல்லை என்றுதான் தோன்றும். அப்படித் தோன்றவிடக் கூடாது. இவை திறந்த மூல மொழிகள். மாற்றுங்கள் என்று கேட்கலாம், நாமே மாற்றியும் அனுப்பலாம்.

எண்ணாகக் காட்டுவதே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 51ஐயும் 54ஐயும் எனக்குக் காட்டியது அந்த எண்கள்தான். அதனால் என் ஏலக் கணக்கு நிரலில் ஊர்ப் பெயருக்கென்று தனி வகை ஒன்றை வைத்தேன். உள்ளே வரும்போதே கொம்பையும் காலையும் யூனிகோட் விதிப்படி ஒன்றாகச் சேர்த்துவிடும். அதற்கு இரண்டு அச்சுச் சார்புகள். ஒன்று தமிழில் எழுதும். இன்னொன்றைக் கேட்டால் மட்டும், அதே பெயரின் பக்கத்தில் 51 பைட்டையும் எண்ணாக எழுதும்.

மறுபடி தாளை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். கோட்டக்குப்பம் ஒன்று. பொம்மையார்பாளையம் ஒன்று. ஐந்தாம் படகின் வரியில் விரல் நின்றது. அன்றைக்குச் சுழி. “ஆமாம்பா, அன்னிக்கு ஒண்ணும் கெடைக்கல” என்றார்.